இருள் தீட்டும் கலை

இராக்காட்சியை ஓவியமாகத் தீட்டுவது எளிய காரியம் என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவி வருகிறது. மேலே ஒரு வட்ட நிலா. கீழே அதன் ஒளி விழும் நீர்ப்பரப்பு. கரையில் கரிய மரங்கள் இரண்டு. எஞ்சிய இடத்துக்கெல்லாம் நீலம். இவ்வளவும் அமைந்துவிட்டால் பார்ப்பவர் மனத்தில் ஏக்கமோ சாந்தியோ சோகமோ தானாகவே பிறந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். நாட்காட்டிப் படங்களும் வாழ்த்து அட்டைகளும் அந்த நம்பிக்கைக்கு உரமிட்டு வளர்த்துவிட்டன. சித்திரப் பாடம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் என்னுடன் உரையாடியபோது, "நிலவைப் போட்டுவிட்டால் பாவம் தானே வந்துவிடும்" என்றார். தம் மாணவர்கள் தீட்டிய படங்களையும் எடுத்துக் காட்டினார். இருபது படங்கள், இருபது நிலாக்கள். இரவு மட்டும் ஒன்றிலேனும் இல்லை.

நண்பரின் கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நிலக்காட்சி ஓவியத்தில் இரவின் உணர்வுநிலை நிலவிலிருந்து பிறப்பதன்று. ஓவியன் தன் நெஞ்சிலுள்ள உணர்ச்சியை எடுத்து மரத்தின் மீதும் நீரின் மீதும் பூசுவதாலும் அது வந்துவிடுவதில்லை. எதைக் காட்டாது விடுகிறான், எவ்வளவு விடுகிறான், விட்டபின் எஞ்சியதை எத்துணை உண்மையோடு வைத்திருக்கிறான் என்பதிலேதான் அது தங்கியிருக்கிறது. பகற்காட்சி தீட்டுபவன் சேர்த்துச் சேர்த்துச் செல்லலாம். இரவைத் தீட்ட வருபவன் துறக்கத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும்.

'உணர்வுநிலை' என்ற சொல்லையே நாம் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டியிருக்கிறது. ஓவியம் பற்றி எழுதுவோர் பலர் விளக்கம் கூற இயலாத இடத்தில் இச்சொல்லை இட்டு நிரப்பிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஆனால் இது விளக்க இயலாத மாயமன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியரின் வழியில் வந்த நமக்கு இதனை உணர்வதில் இடர்ப்பாடு இருத்தலாகாது. யாமத்தைக் குறிஞ்சிக்கும் மாலையை முல்லைக்கும் உரிமையாக்கியவர் பொழுதை வெறும் திரைச்சீலையாகக் கருதவில்லை. பொழுதே பொருளின் பகுதி. உணர்ச்சி அதன் உள்ளிருந்து வருவது. ஓவியத்திலும் அவ்வாறே என்பது என் கருத்து.

இதனைத் தெளிவுபடுத்த முதலில் கண்ணைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். முழுநிலவின் ஒளி நண்பகற் சூரியனின் ஒளியில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்குதான். அதுவும் சூரிய ஒளியே. சந்திரனின் மேற்பரப்பில் விழுவதில் 100க்கு ஏறத்தாழ 12 பங்கு திரும்பி வருகிறது. கருவிகளால் அளந்து பார்த்தால் நிலவொளி நீலமாயில்லை. சூரிய ஒளியைவிடச் சிறிது செம்மை சார்ந்தே இருக்கிறது. முழுநிலவில் ஒரு புகைப்படக் கருவியை நிலையாக நிறுத்தி நெடுநேரம் திறந்து வைத்தால், கிடைக்கும் படம் பகற்காட்சி போலவே தோன்றும். விண்மீன்களின் கோடுகளைக் கொண்டுதான் அது இரவென்று அறியலாம்.

அவ்வாறாயின் நாம் காணும் நீலம் எங்கிருந்து வந்தது? நம் கண்ணிலிருந்தே வந்தது. விழித்திரையில் நிறத்தைப் பிரித்தறியும் கூம்புக் கலங்கள் மங்கிய ஒளியில் செயலிழக்க, கோற் கலங்கள் அவற்றின் வேலையை ஏற்கின்றன. கோற் கலங்களுக்கு நிறம் தெரியாது. செம்மையை அவை ஏறக்குறைய உணர்வதேயில்லை. நீலமும் பச்சையும் சார்ந்த பொருள்களே அவற்றுக்குச் சற்றுத் துலக்கமாகத் தெரியும். அந்தியில் செம்மலர் முதலிற் கறுத்துப்போக அதன் இலை நெடுநேரம் வெளிறித் தெரிவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே ஆராய்ந்து கூறினார். இன்னுமொன்று: விழித்திரையின் நடுப்புள்ளியில் கோற் கலங்கள் இல்லை. ஆதலின் இருளிலே மங்கலான ஒரு பொருளை நேரே உற்றுநோக்கினால் அது மறைந்துவிடும். பக்கமாகப் பார்த்தால் மீண்டும் தோன்றும். இரவு நமக்கு அச்சத்தையும் வியப்பையும் தருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். நேரே பார்த்தால் ஒளிந்துகொள்ளும் உலகம் அது. விளிம்புகள் கரைகின்றன, தூரம் பொய்க்கிறது, புதர் ஒரு மனிதனாகிறது, மனிதன் ஒரு கம்பமாகிறான்.

இந்த உலகத்தை எப்படித் தீட்டுவது? இங்கேதான் தொழிலின் சங்கடம் தொடங்குகிறது. ஓவியன் இருளில் நின்றால் வர்ணத் தட்டு தெரியாது. விளக்கை ஏற்றினால் வர்ணம் தெரியும், இரவு போய்விடும். இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வேண்டும். அப்பழக்கத்தைக் குலைக்க ஒரு நொடி விளக்கொளி போதும். ஆகவே இரவை நேரே பார்த்துப் பிரதி செய்தல் என்பது பெரும்பாலும் நடவாத காரியம். நினைவே அவனுடைய முதற் கருவி ஆகிறது.

இதனை ஒரு முறையாகவே வளர்த்தவர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். 1834இல் அமெரிக்காவில் பிறந்து, பாரிஸிற் பயின்று, இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள செல்சியில் வாழ்ந்தவர் அவர். இரவில் அவரை நதியில் ஏற்றிச் சென்றவர்கள் அயலிலே வாழ்ந்த படகுத் தொழிலாளரின் புதல்வர்களான வோல்ட்டர் கிரீவ்ஸ், ஹென்றி கிரீவ்ஸ் என்னும் இரு சகோதரர்கள். சில வேளைகளில் மண்ணிறக் காகிதத்தில் வெண்கட்டியாற் சில கோடுகளை மாத்திரம் குறித்துக் கொள்வார். சில வேளைகளில் அதுவுமில்லை. காட்சியைச் சிறிது நேரம் உற்றுப் பார்ப்பார். பின்னர் அதற்கு முதுகைக் காட்டி நின்று, எந்த இடத்தில் என்ன இருந்தது, எந்தச் சாளரத்தில் ஒளி இருந்தது, வானம் எவ்வளவு வெளிறியிருந்தது என்று உடன் வந்தவரிடம் பாடம் ஒப்புவிப்பது போல ஒப்புவிப்பார். தவறினால் திரும்பிப் பார்த்து மீண்டும் ஒப்புவிப்பார். மறுநாள் பகலொளியிலேதான் தீட்டுவார். வர்ணத்தை எண்ணெய் விட்டுக் குழம்பு போல இளக்கி அகன்ற தூரிகையால் ஒரே இழுப்பாக இழுப்பார். அது வழிந்தோடாதிருக்கக் கித்தானை நிலத்தில் கிடத்த வேண்டியிருந்தது.

திருப்பி ஒப்புவித்தல் என்றதும் நம் ஆசிரிய நண்பர்கள் முகம் சுளிக்கலாம். மனனத்தை நாம் கல்வியின் எதிரியாகவே கருதப் பழகிவிட்டோம். விஸ்லர் செய்த மனனம் வேறு வகையது. அது சேமிப்பதற்காகவன்றி மறப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓரிரவு கழிந்தபின் நினைவில் எது நிற்கிறதோ அதுவே படத்துக்கு உரியது. நழுவியதெல்லாம் நழுவத் தக்கது. கண் இருளிற் செய்த வேலையை நினைவு பகலிற் செய்கிறது.

இந்தப் படங்களை விஸ்லர் முதலில் 'நிலவொளிகள்' என்றே அழைத்து வந்தார். அவருடைய புரவலரும் கப்பல் முதலாளியும் பியானோ வாசிப்பதில் விருப்புடையவருமான லேலண்ட் என்பவரே 'நொக்டேர்ண்' என்ற இசைப்பெயரை எடுத்துக் கொடுத்தார். பெயர் மாறியது நல்லதாயிற்று. ஏனெனில் அவற்றுட் பலவற்றில் நிலவே இல்லை. 1871இல் தீட்டிய செல்சிக் காட்சியைப் பாருங்கள். நீலமும் வெள்ளியும் கலந்த ஒரே படலம். எதிர்க்கரையில் சில ஒளிப்புள்ளிகள், அவற்றின் கீழே நீரில் இறங்கும் கோடுகள். முன்புறத்தில் ஒரு தனி மனித உருவம். எண்ணிச் சொன்னால் ஒரு சிறுவனும் வரைந்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அந்தப் படலத்தில் எங்கே நீர் முடிந்து எங்கே கரை தொடங்குகிறது என்று தேடுகின்ற நம் கண், இரவில் ஒரு நதிக்கரையில் நின்றால் எவ்வாறு தேடுமோ அவ்வாறே தேடுகிறது. உணர்வுநிலை என்று நான் சொல்வது இத்தேட்டத்தைத்தான். படம் நமக்குச் சோகத்தைச் சொல்லவில்லை. நம் கண்ணை இரவுக் கண்ணாக்கிவிடுகிறது. மற்றது நம்முள் நிகழ்கிறது.

இவ்வாறு விட்டுவிடுதல் உழைப்பாகுமா என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. கிரமோர்ண் உல்லாசத் தோட்டத்தில் நடந்த வாணவேடிக்கையை விஸ்லர் 1875இல் 'கறுப்பும் பொன்னும்' என்று தீட்டினார். இருளில் சிதறி விழும் பொறிகளைத் தவிர அதில் அடையாளங் காணத்தக்கது அதிகமில்லை. 1877இல் அது இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அக்காலத்துக் கலை விமரிசகருள் பெருமதிப்புப் பெற்றிருந்த ஜோன் றஸ்கின், வர்ணத்தைப் பார்ப்பவர் முகத்தில் வீசியெறிந்துவிட்டு 200 கினி கேட்கும் துணிவு இது என்று பொருள்பட எழுதினார். விஸ்லர் 1,000 பவுண் நட்டஈடு கோரி அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 1878 நவம்பர் 25ஆம் 26ஆம் திகதிகளில் வழக்கு விசாரிக்கப்பட்டது. றஸ்கின் நோயுற்றிருந்தமையால் மன்றுக்கு வரவில்லை; அவர் சார்பில் வாதாடியவர் சட்டமா அதிபர் ஹோல்கர். அப்படத்தை எத்தனை நாளில் முடித்தீர் என்று அவர் வினவ, இரண்டு நாள் என்று விடை வந்தது. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று அவர் மடக்க, வேலைக்கன்று, வாழ்நாள் முழுவதும் தேடிக்கொண்ட அறிவுக்கே அந்த விலை என்று விஸ்லர் கூறினார்.

பற்றர்சிப் பாலப் படமும் மன்றில் ஆராயப்பட்டது. பாலம் உண்மைப் பாலம் போலிருக்கிறதா, மேலேயுள்ளவை மனிதர்தாமா என்றெல்லாம் கேட்டனர். பாலத்தை அளவு பிசகாமற் காட்டுவது தம் நோக்கமன்று என்றார் விஸ்லர். மனிதரா என்ற கேள்விக்கு, உங்கள் விருப்பம்போற் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார். மன்றில் சிரிப்பெழுந்ததாம். இரவில் பாலத்தின் மேல் நகர்வது மனிதனா அன்றா என்று ஒருவன் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று யாராவது அந்த மன்றிற் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். யூரிமார் விஸ்லருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். நட்டஈடு ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியின் காற்பங்கு. வழக்குச் செலவு தரப்படவில்லை. 1879இல் அவர் வங்குரோத்தானார். வீடு கைவிட்டுப் போயிற்று. அந்தக் 'கறுப்பும் பொன்னும்' 1892இல் 800 கினிக்கு விற்கப்பட்டது என்பதையும், இன்று அமெரிக்காவின் டிற்றொயிற் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு துணைச் செய்தியாகச் சொல்லி வைக்கிறேன். விலையைக் கொண்டு நியாயம் தீர்ப்பது என் வழக்கமன்று.

இனி, நம்மிடையே பலருக்கு எழக்கூடிய ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். கலை கலைக்கா மக்களுக்கா என்ற வாதம் நம் எழுத்துலகில் நெடுங்காலம் நடந்தது. அந்த வாதத்தில் வளர்ந்தவர் யாரும் விஸ்லரின் தேம்ஸைக் கண்டு, 'இது ஒளித்து வைக்கும் கலையல்லவா?' என்று கேட்காமலிரார். பற்றர்சிக் கரையில் ஆலைகள் நெருங்கி நின்றன. நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரை மூச்சுமுட்டச் செய்தன. நதி அழுக்கேறிக் கிடந்தது. அந்தப் புகையைத்தான் விஸ்லர் வெள்ளிப் படலமாக்கினார். வறுமையின் மீது இருளைப் போர்த்தி அழகென்று விற்றார் எனலாமா?

பாதி உண்மை என்பேன். அவருடைய நாவும் பேனாவும் கலைஞனுக்கு ஊராரோடு யாதொரு கடனுமில்லை என்றே முழங்கின. அந்த முழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருடைய தூரிகை நாவைவிட நேர்மையானது. பற்றர்சிப் பாலப் படத்தின் அடியிலே, பிரமாண்டமாய் உயர்ந்து நிற்கும் மரத்தூணின் பக்கத்தில், படகொன்றின் நுனியில் ஒருவன் தனியே நிற்கிறான். முகமில்லை, ஆடையின் விவரமில்லை. அந்த வேளையில் நதியில் நிற்பவன் உல்லாசத்துக்கு வந்தவனல்லன், தொழிலாளியே என்பது நிற்கும் நிலையிலேயே தெரிகிறது. அவனை நீக்கிவிட்டுப் படத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அலங்காரம் எஞ்சும், இரவு எஞ்சாது.

விஸ்லரைப் படகிலேற்றிச் சென்ற வோல்ட்டர் கிரீவ்ஸின் கதையையும் இங்கே மறக்கலாகாது. அவர் விஸ்லருக்கு வர்ணங் கலந்தார், கித்தான் ஆயத்தஞ் செய்தார், தாமும் ஓவியம் பழகினார்; அதே நதியைத் தீட்டினார். பின்னாளில் விஸ்லர் அவரைக் கைவிட்டார். 1911இல் இலண்டனில் நடந்த ஒரு காட்சியால் கிரீவ்ஸின் பெயர் சிறிது காலம் ஒளி வீசியது. உடனே அவர் குருவைத் திருடினார் என்று விஸ்லரின் அன்பர்கள் பழி சுமத்தினர். தம் இறுதி ஆண்டுகளை ஏழை முதியோருக்கான ஓர் அறநிலையத்திற் கழித்து 1930இல் அவர் காலமானார். ஒளித்தலைப் பற்றிக் குறை கூறுவதாயின் படத்தை விட்டு இந்த வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

நிலவின் பக்கத்துக்கும் நியாயம் வழங்க வேண்டுமல்லவா? நிலவை வைத்துக்கொண்டு அதன் எல்லை வரை சென்று பார்த்தவர் ருஷ்ய ஓவியர் ஆர்க்கிப் குயிஞ்சி. அசோவ் கடற் பக்கத்து மரியுப்போலில் ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். 1880இல் 'தினீப்பர் நதியில் நிலவிரவு' என்ற ஒரே ஒரு படத்தை மாத்திரம் பீற்றர்ஸ்பேர்க் நகரில் காட்சிக்கு வைத்தார். மண்டபத்தை இருளாக்கி, விளக்கொளியைப் படத்தின் மீது மட்டும் விழச் செய்தார். மக்கள் திரண்டனர். நிலவு அத்தனை சுடர்விட்டதால், படத்துக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்களோ என்று ஐயுற்றுப் பின்புறத்தைப் பார்க்க முயன்றவர்களும் உண்டு.

சூழ்ச்சி எதுவுமில்லை, வர்ண அறிவே இருந்தது. தரையின் வெம்மை சார்ந்த கரும்பழுப்புக்கு எதிரே நிலவின் குளிர்ந்த பசுமையை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தூண்டுமாறு செய்திருந்தார். ஆயினும் மண்டபத்தை இருளாக்கிய செயலை நான் முழுமனத்தோடு மெச்ச மாட்டேன். அங்கே இரவின் ஒரு பகுதியைத் தூரிகை தரவில்லை. யன்னற் சீலைகள் தந்தன. அதற்குரிய விலையும் கொடுக்கப்பட்டது. படத்தை வாங்கிய கோமகன் கொன்ஸ்தந்தீன், எழுத்தாளர் துர்கனேவ் தடுத்தும் கேளாது, அதைக் கப்பலில் தம்முடன் கொண்டு சென்றார். உப்புக் காற்றும் வர்ணக் கலவையின் இயல்பும் சேர்ந்து படத்தைக் கருமையாக்கின. இவ்வர்ணங்கள் நிலைத்து நிற்குமா என்று சக ஓவியர் கிராம்ஸ்கோய் அப்போதே கவலை கொண்டிருந்தார். குயிஞ்சி ஓரிரு ஆண்டுகளின் பின் பொதுக் காட்சிகளிலிருந்து விலகி, ஏறத்தாழ இருபது ஆண்டு மௌனமாயிருந்தார்.

குயிஞ்சியின் பார்வையாளர் சந்தேகித்த அந்தப் பின்விளக்கு இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. நூதனசாலைகள் தம் ஓவியங்களைக் கணினி வழியே உலகத்துக்குத் திறந்துவிட்டிருக்கின்றன. இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போக வசதியற்ற என் போன்றோருக்கு அது பெரும் பேறு. ஆனால் திரையின் ஒளி பின்னாலிருந்து வருவது. இராக்காட்சி ஓவியம் தன்மேல் விழும் ஒளியைச் சிக்கனமாய்த் திருப்பித் தருவது. திரையில் பார்க்கும்போது எல்லா இரவுகளும் கண்ணாடிச் சாளரம் போல் பளிச்சிடுகின்றன. பழைய அச்சுப் பிரதிகளோ எல்லாவற்றையும் மைக்குட்டையாக்கின. ஆசிரியர்கள் மாணவருக்கு இப்படங்களைக் காட்டுகையில் திரையின் ஒளியைக் குறைத்துவிட்டுக் காட்டுவது நல்லது என்பது என் அனுபவம்.

இருளை எங்கே வைப்பது என்பதே உணர்வுநிலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு யப்பானியரான ஹிரோஷிகேயின் மரக்கட்டை அச்சுப் படமொன்று சிறந்த சான்று. தொக்கைதோ நெடுஞ்சாலையின் தங்குமிடங்களைக் காட்டும் அவருடைய வரிசை 1830களில் வெளிவந்தது. அதில் 'கம்பாரா: இரவுப் பனி' என்ற படத்தில் மூவர் பனியில் குனிந்து நடக்கின்றனர். நிலவில்லை, விளக்கில்லை, எந்த வீட்டிலும் ஒளியில்லை. கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமே பெரும்பாலும். மரக்கட்டையில் மையைத் துடைத்துத் துடைத்து, அடர்ந்த கருமை மெல்ல மெல்ல வெளிறுமாறு அச்சிடும் நுட்பம் யப்பானியருக்குக் கைவந்தது. இப்படத்தின் பிரதிகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் வானத்தின் கருமை மேலிருந்து கீழிறங்கி வெளிறுகிறது. வேறு சிலவற்றில் மலைகளின் மேலிருந்து எழுந்து மேலே வெளிறுகிறது. மற்றெல்லாம் ஒன்றே. முதல்வகைப் பிரதியில் இரவு அம்மூவரின் முதுகில் இறங்குவது போலிருக்கும். இரண்டாவதில் ஊருக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வருவது போலிருக்கும்; வானத்தில் மட்டும் இன்னும் சிறிது வெளிச்சம் தங்கியிருக்கும். அச்சுத் தொழிலாளி துணியால் எந்த முனையைத் துடைத்தான் என்பதைப் பொறுத்து அச்சம் ஒன்றாகவும் தனிமை வேறொன்றாகவும் மாறுகிறது. ஓவியனின் நெஞ்சுருக்கம் இதில் எங்கே நுழைந்தது? இன்னுமொரு வேடிக்கை: கம்பாரா கடலோரத்து மிதவெப்பப் பகுதி; அவ்வளவு பனி அங்கு விழுவது அரிது. ஊர் பொய்யாகலாம், இரவு மெய்யாயிருக்கிறது.

இதே பிழையை, பிழை எனலாமாயின், வின்சென்ற் வான் கோவும் செய்திருக்கிறார். 1888 செப்டெம்பரில் பிரான்சின் ஆர்ள் நகரில் றோண் நதிக்கரையில் நின்று அவர் தீட்டிய விண்மீன் இரவு, தென்மேற்கு நோக்கிய காட்சி. அதன் வானத்திலோ வடக்கில் இருக்க வேண்டிய சப்தரிஷி மண்டலம் நிற்கிறது. வானியல் கற்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவர். நான் அதைக் குறையென்று கொள்ளவில்லை. திரும்பி நின்று பார்த்த வானத்தையும் நேரே பார்த்த நதியையும் ஒன்றுசேர்த்துக் கொண்டிருக்கிறார். நதிக்கரையில் இரவில் நிற்பவர் எல்லாரும் அவ்வாறு திரும்பித் திரும்பிப் பார்ப்பவரே.

வான் கோ என்றதும் வாசகர்கள் வேறொரு படத்தை நினைத்திருப்பார்கள். 1889 யூனில் சென் றெமி மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது தீட்டிய, சுழன்று புரளும் வானத்தையுடைய விண்மீன் இரவே அது. இன்று தேநீர்க் கோப்பையிலும் குடையிலும் அதைக் காணலாம். நம் மாணவர்களுக்கு இராக்காட்சி என்றால் அதுவே வேதம். பெரும்பான்மையோர்க்கு இது கசப்பாயிருப்பினும் சொல்லத்தான் வேண்டும்: அது பெரிய படம்; ஆனால் இரவின் படமன்று. அதில் எதுவும் துறக்கப்படவில்லை. வானம் முழுவதும் பேசுகிறது. இருள் வாய் திறக்க இடமில்லை. சாளரத்திலிருந்து தெரியாத ஓர் ஊரைக் கீழே கற்பனையாய் அமைத்து, பகலில் கீழ்த்தளத்து அறையிலிருந்து அதைத் தீட்டினார் என்பர். நினைவிலிருந்து தீட்டியது பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. விஸ்லரும் அதையே செய்தார். விஸ்லரின் நினைவு கழித்தது, வான் கோவின் நினைவு இங்கே கூட்டியது. அவருக்கே அதில் மனநிறைவு இருக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் நண்பர் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் விண்மீன்களை மிகைப்படப் பெரிதாக்கியதைத் தோல்வியென்றே குறிப்பிட்டார். ஓர் ஓவியன் தன் படத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனாலும் இவ்விடத்தில் அவர் தம் இரசிகர்களைவிடத் தெளிவாயிருந்தார் என்று தோன்றுகிறது.

எனக்கு றோண் நதிப் படமே மேல். வான் கோ கறுப்பை ஒதுக்கிவிட்டு நீலங்களாலேயே இருளைக் கட்டினார். இரவு பகலைவிட நிறச் செறிவுடையது என்பது அவர் கொள்கை. மேலே நான் கூறிய கண்ணின் இயல்புக்கு இது முரண் அல்லவா எனலாம். முரண்தான். ஆனால் அவர் நின்ற கரை முற்றிருளன்று; எரிவாயு விளக்குகள் எரியும் கரை. மனிதன் ஏற்றிய விளக்கு இருக்குமிடத்தில் கூம்புக் கலங்கள் மீண்டும் விழித்துக்கொள்கின்றன, நிறம் திரும்புகிறது. விளக்கின் கீழே நின்று விளக்கற்ற வானத்தைப் பார்க்கும் புதிய நகரத்து இரவை முதன்முதலில் அதன் உண்மையோடு தீட்டியவர்களில் அவர் ஒருவர் என்பேன்.

அப்படத்தில் விண்மீன்கள் சிறிய பூக்களாய் மேலே நிற்கின்றன. விளக்குகளோ நதியில் நீண்ட பொற்கோடுகளாய் இறங்கி, நீரின் பாதி தூரம் வரை நம்மை நோக்கி வருகின்றன. கீழே வலப்பக்கத்தில், கட்டி வைத்த படகுகளுக்கு அருகே, ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நடக்கின்றனர். ஆணின் தொப்பி தெரிகிறது; பெண்ணின் போர்வை தெரிகிறது; முகங்கள் தெரியவில்லை. விளக்கின் கோடுகளுள் ஒன்றும் அவர்கள் நிற்கும் கரையை வந்தடையவில்லை.